பதினைந்து பல் சக்கரம்

என் பெயர் சில்வியா. போலகத்தில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு காரைக்கால் ஊருக்குள். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் ஜான்பீட்டரின் ஸ்கூட்டர் பின்சீட்டில் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போய்வந்தேன். என் சொந்த முயற்சியில் நான் போன தூரம் என்று பார்த்தால், வீட்டிலிருந்து மாதா கோயில், மாதா கோயிலிலிருந்து வீடு.

புதுச்சேரி அரசில் வேலை பார்ப்பவர்களுக்கு, அதே அரசின் தூரத்து ஊர்களான மாகே, ஏனாம் என்ற இரண்டு பெயர்களைக் கேட்டாலே பயம். எப்போது எந்த ஊருக்குத் தூக்கி அடிப்பார்கள் என்று தெரியாது. இந்த ஜூனில் என் கணவருக்கு ஏனாம் வந்தது. ஆந்திராவுக்கு நடுவில், கோதாவரிக் கரையில் இருக்கிறது அந்த ஊர். மகள் புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் வீட்டில் நானும் ஸ்கூட்டரும் மட்டும் மிச்சம்.

ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு முறை முயன்றிருக்கிறேன். கடற்கரைச் சாலையில் சும்மா நின்றுகொண்டிருந்த சுண்டல் வண்டியில் போய் மோதினேன். சுண்டல்காரர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குனிந்து ஒவ்வொரு சுண்டலாகப் பொறுக்கினார். அதைப் பார்த்த பிறகு ஸ்கூட்டர் பக்கமே போகவில்லை.

பஸ் இருக்கிறது. எங்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கும் அஜீசுன்னிசா டீச்சர் அதில்தான் வருகிறார். "ஒங்களுக்கும் சேத்து எடம் போட்டு வைக்கிறேன், வாங்க சில்வியா" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது ஆசிரியர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "பஸ் எதுக்கு? சைக்கிள்லயே வந்துடுவேன். ஒடம்புக்கும் நல்லதுதானே" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும் வரை எனக்கே அது தெரியாது.

சைக்கிள் என்று நான் சொன்னது என் நாத்தனார் லூர்தம்மாளுடையது. அவர் பிரான்சில் குடியிருக்கிறார். இங்கே வீடு கட்டியபோது கப்பலில் அனுப்பிய சாமான்களோடு அந்தச் சைக்கிளும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய லேடீஸ் சைக்கிள். பாட்டில் பச்சை நிறம், தோல் சீட். வெளியே பார்த்தால் பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம்தான். ஆனால் மூன்று கியர் உண்டு. மூன்றும் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் தடித்த குடத்துக்குள் அடங்கிக் கிடக்கும். கைப்பிடியில் ஒரு சின்ன விசை. தட்டினால் உள்ளே 'டிக்' என்று மாறும். இத்தனை நாள் கார் ஷெட்டில் துணி காயப்போடத்தான் அது பயன்பட்டது.

ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கியர்களை என் முழங்காலை மனதில் வைத்து யாரும் செய்யவில்லை என்று. மூன்றாவது கியரைப் போட்டால் பெடல் சுவரில் பொருத்தியது மாதிரி நின்றது. இரண்டாவது, தெருமுனை வரைக்கும் சரி. முதல் கியரிலாவது மூச்சு விடலாம் என்று பார்த்தால், காலையில் மேல்காற்று முகத்தில் அறைந்தது. மாலையில் கடல்காற்று விலாவில் இடித்தது. பக்கத்தில் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரிகள். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் என் சேலை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம்.

இதற்கெல்லாம் மேல் அரசலாற்றுப் பாலம். எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது, மேடுகூடக் கிடையாது. வெளியூர்க்காரர் யாரும் அந்தப் பாலத்தில் ஒரு ஏற்றம் இருப்பதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். நான் முதல் நாளே கண்டுபிடித்தேன். காலையில் தெம்பு இருக்கும், எப்படியோ தாண்டிவிடுவேன். சாயங்காலம் திரும்பும்போது பாதி ஏற்றத்தில் கால் நின்றுவிடும். இறங்குவேன். சரியாக அந்த நேரத்தில்தான் அஜீசுன்னிசா டீச்சரின் பஸ் என்னைத் தாண்டும். ஜன்னலில் கை அசையும்.

இறங்கி நின்று மூச்சு வாங்குகிறேன் என்று அவருக்குத் தெரியலாமா? அதனால் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு ஆற்றைப் பார்ப்பேன். ரசிப்பவள் மாதிரி. மூச்சு வாங்குவது வெளியே தெரியக்கூடாது என்று முகத்தை ஆற்றுப் பக்கமே வைத்திருப்பேன். பஸ் போன பிறகும் நிற்பேன், ஏனென்றால் கால் இன்னும் என்னிடம் திரும்பி வந்திருக்காது. நாலு நாளில் இது வழக்கமாகிவிட்டது.

ஜூலை முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். சைக்கிளின் கியரைக் குறைக்க வேண்டும். கைப்பேசியில் வீடியோ தேடினேன். மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துப் பேசினார். அவருடைய இங்கிலீஷில் பாதி மீசையிலேயே சிக்கிக்கொண்டது. குடத்துக்குள் இருப்பதைத் தொடவே வேண்டாம், வெளியே இருக்கும் பல்சக்கரத்தை மாற்றினால் மூன்று கியரும் சேர்ந்து இலகுவாகும் என்றார். பெரியது, சின்னது என்று ஏதோ சொன்னார். 'சின்னது' என்ற சொல் என் மனதில் ஒட்டிக்கொண்டது. குறைக்கத்தானே வேண்டும்? அப்படியானால் பல்லும் குறைய வேண்டும். எனக்கு அது வெயில் மாதிரி தெளிவாக இருந்தது.

பின்சக்கரத்தில் இருந்தது பதினெட்டு பல். லூர்தம்மாளுக்குப் போன் செய்தேன். "அண்ணி, பின்சக்கரத்துக்கு பதினஞ்சு பல்லு வச்ச சக்கரம் ஒண்ணு வேணும். நம்ம ஆளுங்க யாராவது லீவுக்கு வந்தா குடுத்து விடுங்க" என்றேன்.

இரண்டு நாளில் அவரே திரும்ப அழைத்தார். "சில்வியா, இங்க கடைக்காரன் ரெண்டு தடவ கேட்டுட்டான், சின்னதுதான் வேணுமான்னு. ஒங்க ஊர்ல ரேஸ் எதுவும் நடக்குதான்னு வேற கேக்குறான்."

"அண்ணி, நான் கணக்கு டீச்சர்" என்றேன்.

"சரி, அனுப்புறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்டில், பிரான்சில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வந்து ஊரே நிறையும். அப்படி வந்த ஒரு சொந்தக்காரரின் பெட்டியில், சாக்லேட்டுகளுக்கு நடுவில் என் பல்சக்கரமும் வந்தது. மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் சாதிக் பாட்சாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் என் சைக்கிளை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"டீச்சர், இந்த குடத்துக்குள்ள கைய விடச் சொல்லாதீங்க. உள்ள என்ன இருக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"உள்ள ஒண்ணும் செய்ய வேணாம் பாய். வெளிய இருக்க சக்கரத்த மட்டும் மாத்துங்க. ஒரு கம்பி வளையந்தான் அத புடிச்சிக்கிட்டு இருக்கு. நெம்பினா வந்துடும்."

நெம்பினார். வந்தது. வந்த வேகத்தில் வளையம் பறந்து பக்கத்து டீக்கடையின் பன் டப்பாவுக்குப் பின்னால் போய் விழுந்தது. அதைத் தேடி எடுப்பதற்குள் டீக்கடையையே பாதி இடம் மாற்றிவிட்டோம். புதுச் சக்கரம் சின்னதென்பதால் செயினில் ஒரு துண்டு மிச்சமானது. அதை வெட்டி எடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சின்ன சக்கரம் போட்டா லேசாயிடுமா டீச்சர்?"

"பின்னே?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரு சந்தேகம்கூட இல்லாமல் போனதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பினேன். கனமாக இருந்தது. புதுச் சக்கரம் பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் கனமாக இருந்தது. மேல்காற்று கூடிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காற்றே இல்லை. அப்போது வயதை நினைத்துக்கொண்டேன். சக்கரத்தை மட்டும் நினைக்கவில்லை. அஜீசுன்னிசா டீச்சர், "என்ன, வண்டி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "வெண்ணெ மாரி போவுது" என்றேன். ஏனாமுக்குப் போனில் சொன்னபோதும் அதே வெண்ணெய்தான்.

ஆனால் பாலத்தில் நான் நிற்கும் நேரம் கூடிவிட்டது. முன்பு பாதி ஏற்றத்தில் இறங்கியவள், இப்போது ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, கண்ணை மூடி நின்றேன். வியர்வை கண்ணில் இறங்கும். முந்தானையால் துடைத்துக்கொள்வேன். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

பாலத்தின் முனையில் அஞ்சுகம் என்ற அம்மா மீன் விற்பார். ஒரு நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சரம்மா, வெயில் தாழ காத்து நல்லா வருது இல்ல?"

"ஆமா" என்றேன். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

அவர் தன் மருமகளைப் பற்றிச் சொன்னார். மகன் கடலுக்குப் போவதைப் பற்றிச் சொன்னார். நான் சைக்கிளை எடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் வந்தார். வாடிக்கை பிடிக்கிறார் என்று நினைத்து இரண்டு முறை சங்கரா மீன் வாங்கினேன். பள்ளியிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. என் பரீட்சைத் தாள்களை அஜீசுன்னிசா டீச்சர் தானே வாங்கித் திருத்திக் கொடுத்தார். டிபன் பாக்ஸில் எனக்கென்று தனியாக, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்தார். "எதா இருந்தாலும் மனசுல வச்சிக்காதீங்க சில்வியா. நான் இருக்கேன்" என்றார். சைக்கிளில் வருவதால் என் மேல் மரியாதை கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வட்டிலப்பத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வழக்கம் போலச் சுவரைப் பிடித்து, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் மெதுவாகக் கூப்பிட்டது.

"சில்வியா... நான்தான். நான் வந்துட்டேன். நீ அங்கயே நில்லு. அசையாத."

திரும்பினேன். என் கணவர் ஏனாமிலிருந்து வந்து நிற்கிறார். தோளில் பை. கசங்கிய சட்டை. பஸ், ரயில், மறுபடி பஸ் என்று மாறி மாறி வந்த முகம். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கோழி பிடிப்பவர் மாதிரி ஒவ்வொரு அடியாக வந்தார்.

"ஏங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எது வேணாலும் பேசிக்கலாம். நான் ஏனாம் போனது தப்புதான். வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன்."

அவருக்குப் பின்னால் அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "நான் ஒரு நாள் கூட இவங்கள தனியா வுடல சார். ஆத்தையே பாத்துக்கிட்டு, அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. பாக்குற எனக்கே கொல நடுங்கும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரு சேர விளங்கியது. கணவர் வெளியூரில், மகள் விடுதியில், தினமும் மாலை ஒரு பெண் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கிறாள், முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து, தாங்க முடியாமல், அஜீசுன்னிசா டீச்சர்தான் அவருக்குப் போன் செய்திருக்கிறார்.

"ஐயோ, நான் அழலங்க" என்றேன். "எனக்கு மூச்சு வாங்குது."

அவர் முகம் இன்னும் வெளுத்தது. "நெஞ்சு வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. ஏத்தம். பாலம் ஏத்தமா இருக்குல்ல, அதான்."

அவர் பாலத்தை அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் பார்த்தார். அஞ்சுகமும் பார்த்தார். ஏற்றம் எங்கே இருக்கிறது என்று இருவரும் உண்மையாகவே தேடினார்கள்.

"கியரக் கொறச்சிட்டேன்னு சொன்னியே?"

"கொறச்சாச்சே."

"அப்பறம்?"

"வயசாவுதுல்ல" என்றேன். அந்த நேரத்திலும் சக்கரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

சைக்கிளை அவர் வாங்கிக்கொண்டார். பையைக் கைப்பிடியில் மாட்டி ஏறி மிதித்தார். கொஞ்ச தூரத்தில் இறங்கிவிட்டார். தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தார். வண்டி அவருக்கும் கனமாகத்தான் இருந்ததாம், என் மனம் நோகக்கூடாது என்று அதைச் சொல்லவில்லையாம். பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் விகிதம் எடுக்க வேண்டிய நாள். புத்தகத்தில் கூலியாட்கள், கிணறு வெட்டுவது என்று கணக்குகள் இருந்தன. என்னிடம்தான் சொந்தச் சைக்கிள் இருக்கிறதே, அதையே சொல்லலாம் என்று தோன்றியது. கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்றும் சின்ன வட்டம் ஒன்றும் வரைந்தேன். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்துக்கு நாற்பத்தாறு பல். பின்சக்கரத்துக்குப் பதினெட்டு. பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும்? நாற்பத்தாறைப் பதினெட்டால் வகுத்தேன். இரண்டரைக்குக் கொஞ்சம் மேல்.

"இப்ப டீச்சர் பின்னாடி இருந்த சக்கரத்த மாத்திட்டேன். பதினஞ்சு பல்லு. எதுக்கு மாத்துனேன்? லேசா இருக்கணும்னு. ஆக, வகுத்துப் பாத்தா..."

வகுத்தேன். மூன்றுக்கு மேல் வந்தது. சாக்பீஸ் அங்கேயே நின்றது. ஒரே மிதியில் சக்கரம் மூன்று முறைக்கு மேல் சுற்றுகிறது. இரண்டரையே இழுக்க முடியாத காலை வைத்துக்கொண்டு மூன்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிரான்சிலிருந்து ஆள் வைத்து வரவழைத்து.

"ஆக, முன்னவிட இப்ப வண்டி..." என்று இழுத்தேன்.

"கஷ்டம் டீச்சர்!" என்றது வகுப்பு, ஒரே குரலில். அந்த வருஷத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து சரியாகச் சொன்ன முதல் விடை அதுதான்.

பின்னால் பெரியது, இல்லாவிட்டால் முன்னால் சின்னது. மீசைக்காரர் சொன்னது இதுதான். 'சின்னது' என்பதைப் பிடித்துக்கொண்டு 'முன்னால்' என்பதை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் ஓய்ந்த பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ ஆத்த பாத்துக்கிட்டு நின்னதுக்கு ஊரே எனக்கு போன் போட்டுச்சு. ஏனாம்ல நான் தெனமும் ஆபீஸ் விட்டு வந்து லைட்டு கூடப் போடாம ரூம்ல ஒக்காந்திருக்கேன். ஒனக்கு யாரு போன் பண்ணிச் சொல்லுவா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் அவருக்குப் போன் செய்த நாட்களை நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் மோட்டார் பழுது, கேஸ் புக்கிங், சைக்கிள், மேல்காற்று. சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருந்த ஞாபகம் இல்லை.

"பூஜை லீவுக்கு நான் அங்க வர்றேன்" என்றேன்.

"வா. சைக்கிள மட்டும் எடுத்துக்கிட்டு வராத" என்றார்.

அவர் திரும்பிப் போன பிறகு, இணையத்தில் தேடி, அதே மாதிரி குடத்துக்குப் பொருந்தும் இருபத்திரண்டு பல் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வாங்குவதற்கு முன் எட்டாம் வகுப்பில் மறுபடி பலகையில் போட்டேன். இரண்டுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. வகுப்பைக் கேட்டேன். "லேசு டீச்சர்!" என்றார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே பணம் கட்டினேன்.

சாதிக் பாட்சாவின் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. "பாய், போன தடவ போட்டது தப்பு. பெருசு போடணுமாம்" என்றேன்.

"நானும் அப்பவே நெனச்சேன்" என்றார்.

"நெனச்சீங்களா? ஏன் சொல்லல?"

பின்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார். "பொய் சொல்லக்கூடாது டீச்சர். நெனைக்கல" என்றார்.

இந்த முறை வளையத்தைத் துணி போட்டு மூடிக்கொண்டு நெம்பினார். பெரிய சக்கரத்துக்குச் செயின் எட்டவில்லை. போன முறை வெட்டிய துண்டு குப்பையோடு போய்விட்டது. புதுச் செயின் போட்டார். அந்தச் செயினில்தான் பழைய சைக்கிளுக்கே ஒரு களை வந்தது.

சாயங்காலம் பள்ளி விட்டுப் பாலத்துக்கு வந்தேன். விசையை முதல் கியருக்குத் தட்டினேன். உள்ளே 'டிக்' என்றது. கால் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெடல் தையல் மிஷின் மாதிரி ஓட, சைக்கிள் ஆமை மாதிரி ஏறியது. கைப்பிடிச் சுவரோரம் நடந்துபோன ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். ஆனால் நான் இறங்கவில்லை. உச்சியில் மூச்சு வாங்கியது, உண்மைதான். பெடலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் உருண்டு இறங்கியபோது சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. அஞ்சுகம் கூடையோடு எழுந்து நின்று, "என்னம்மா, சிரிக்க ஆரம்பிச்சிட்டீங்க?" என்று மறுபடி கவலைப்பட்டார். நின்று விளக்கம் சொல்லிவிட்டு, மீனும் வாங்கிக்கொண்டு போனேன்.

பூஜை விடுமுறைக்கு மகளையும் அழைத்துக்கொண்டு ஏனாம் போனேன். அவர் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் நாலு சட்டை. ஜன்னல் துணியைத் துவைத்து மாட்டினேன். சாயங்காலம் மூவரும் கோதாவரிக் கரைக்கு நடந்துவிட்டு இனிப்புக் கடைக்குப் போனோம். தனக்குத் தெலுங்கு வந்துவிட்டது என்று அவர் எங்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் நீளமாக ஏதோ கேட்டார். கடைக்காரர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், தமிழ்லயே சொல்லுங்க. எனக்கு நல்லாப் புரியும்" என்றார்.